ராஜிந்தர் நகர் ஜெராக்ஸ் நோட்ஸ்: ஜப்பான் அத்தியாயம் தேறுமா?

டெல்லி ஓல்ட் ராஜிந்தர் நகரின் ஜெராக்ஸ் கடைகளில் 'வேர்ல்ட் ஹிஸ்டரி' என்று வாயைத் திறந்தாலே ஒரு ஸ்பைரல் கட்டு கைக்கு வந்துவிடும். ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சு, இரண்டு பாகம், அட்டையில் எந்தப் பயிற்சி மையத்தின் பெயரும் இருக்காது. விலை கடைக்குக் கடை மாறும். கொஞ்சம் பேரம் பேசினால் இரண்டு பாகமும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். யுபிஎஸ்சி மெயின்ஸ் பொதுப் பாடம் முதல் தாளுக்கும் வரலாறு விருப்பப் பாடத்துக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் இதை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி, இரு ஜெர்மனிகள் ஆகியவற்றுக்குக் கொடுத்த காசு தகும். இரண்டாம் பாகத்தில் வரும் 'ஜப்பான்: மெய்ஜி முதல் சரணடைதல் வரை' என்ற 12 பக்கத்தை அப்படியே பரீட்சையில் இறக்கினால் மார்க் போகும். அதிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பேரரசர் ஹிரோஹிட்டோ வருகிற இடமெல்லாம் கோளாறு. இந்த விமர்சனம் பெரும்பாலும் அந்த 12 பக்கத்தைப் பற்றியதுதான்.

அச்சுத் தரத்தை முதலில் முடித்துக்கொள்வோம். மூலப் பிரதியில் மஞ்சள் ஹைலைட்டர் போட்ட வரிகள் கறுப்பு வெள்ளை நகலில் சாம்பல் பட்டையாக வந்திருக்கின்றன. முக்கியம் என்று யாரோ கோடு போட்ட வரிதான் படிக்க முடியாமல் கிடக்கிறது. பசிபிக் வரைபடம் மை கொட்டிய மாதிரி இருக்கிறது. சைபான் எது, குவாம் எது என்று தெரியாது. ஆண்டுகளில் 6, 8 இரண்டும் ஒன்று போல் தேய்ந்திருப்பதால் 1936, 1938 என்று எதைப் பார்த்தாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பைரல் துளை சில தாள்களில் வரியின் முதல் எழுத்தையே தின்றிருக்கிறது. வாங்கும்போது கடையிலேயே புரட்டிப் பார்த்து, மோசமான தாளை மாற்றித் தரச் சொல்லலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இனி உள்ளடக்கம். அத்தியாயத்தின் நான்காம் பக்கம் 'பேரரசர் வெறும் பொம்மை, ராணுவமே ஆட்சி செய்தது' என்கிறது. கடைசிப் பக்கம் 'பேரரசர் தலையிட்டார், போர் நின்றது' என்கிறது. பொம்மை எப்படி ஐயா போரை நிறுத்தும்? இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏழு பக்கத்தில் இதற்குப் பதில் கிடையாது. தேர்வில் 'விமர்சனபூர்வமாக ஆராய்க' என்று கேள்வி வந்தால் திருத்துபவர் கைவைக்கப் போவது சரியாக இந்த இடத்தில்தான்.

பதில் இல்லாததற்குக் காரணம், நோட்ஸ் மெய்ஜி அரசியலமைப்பை, அதாவது ஹிரோஹிட்டோவின் தாத்தா மெய்ஜி காலத்து அரசியலமைப்பை, மூன்றே வரியில் தாண்டிவிடுகிறது. 1889 பிப்ரவரி 11இல் அறிவிக்கப்பட்டு 1890 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஆவணம் அது. நோட்ஸில் இருப்பது 3ஆம் பிரிவு மட்டும்: பேரரசர் புனிதமானவர், மீற முடியாதவர். வேலை நடப்பது வேறு பிரிவுகளில். 11ஆம் பிரிவு தரைப்படை, கடற்படை இரண்டின் தலைமையையும் அவர் கையில் தருகிறது. போர் அறிவிப்பதும் சமாதானம் செய்வதும் உடன்படிக்கை போடுவதும் அவர் அதிகாரம் என்கிறது 13ஆம் பிரிவு. அடுத்து 55ஆம் பிரிவு: அமைச்சர்கள் அவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும், அதற்கு அவர்களே பொறுப்பு, சட்டமோ அரசாணையோ எதுவாக இருந்தாலும் அமைச்சரின் எதிர்க்கையெழுத்து வேண்டும்.

இந்தப் பிரிவுகளை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், விரிசல் தெரியும். ஆட்சி விவகாரத்தில் அமைச்சர் கையெழுத்தில்லாமல் பேரரசர் அசைய முடியாது. படைத் தலைமை விவகாரத்திலோ அமைச்சரவைக்கு இடமே இல்லை. 1878 முதலே தரைப்படைத் தலைமைத் தளபதி அலுவலகம் அமைச்சகத்திலிருந்து பிரிந்து, நேரே பேரரசரிடம் போய் அறிக்கை சொல்லும் உரிமை பெற்றிருந்தது. போர் என்றால் இரண்டு கையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அந்த இரண்டும் சேரும் ஒரே புள்ளி அரியணை. பிரதமரால்கூட தளபதிக்கு உத்தரவு போட முடியாது. போதாக்குறைக்கு, பணியில் இருக்கும் தளபதிகளே படை அமைச்சர்களாக வர வேண்டும் என்ற 1900ஆம் ஆண்டு விதி 1913இல் தளர்த்தப்பட்டு 1936இல் திரும்ப வந்தது. ஆளைத் தர மாட்டோம் என்று படை சொன்னால் அமைச்சரவையே அமையாது. இந்த விதியை நோட்ஸ் ஒரு பெட்டிக்குள் போட்டிருக்கிறது, நல்லது. ஆனால் 1900 என்ற ஆண்டு மட்டும்தான் இருக்கிறது, 1936 இல்லை. 1936 இல்லாமல் அந்தப் பெட்டிக்கு அர்த்தமே கிடையாது.

அடுத்து சம்பவங்கள். 1928 ஜூனில் மஞ்சூரியத் தலைவர் ஜாங் சுவோலின் ரயிலோடு குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். செய்தது மஞ்சூரியாவில் நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படை அதிகாரிகள். தண்டிப்பேன் என்று சொன்ன பிரதமர் தனாகா கியிச்சி பிறகு பின்வாங்கியதும் ஹிரோஹிட்டோ அவரைக் கடிந்துகொண்டார். 1929 ஜூலையில் அமைச்சரவை கவிழ்ந்தது. நோட்ஸில் இது அறவே இல்லை. இல்லாததால் நஷ்டம் இரண்டு. பேரரசர் முகம் சுளித்தாலே ஒரு பிரதமர் வீட்டுக்குப் போகலாம் என்பது இதில்தான் தெரியும். இந்த அனுபவத்துக்குப் பிறகு அமைச்சரவை ஒருமனதாகக் கொண்டுவருவதைத் தனக்கு உடன்பாடில்லாவிட்டாலும் ஏற்பது என்று முடிவு செய்ததாக அவரே 1946இல் சொன்னார். பின்னால் வரும் வாதமெல்லாம் இந்த வாக்குமூலத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

குவாண்டுங் படை மஞ்சூரியாவைப் பிடிக்கத் தொடங்கிய 1931 செப்டம்பர் 18 மஞ்சூரியச் சம்பவத்தை நோட்ஸ் விரிவாகவே சொல்கிறது, பாராட்டலாம். ஆனால் கொரியாவில் இருந்த ஜப்பானியப் படை அனுமதி இல்லாமல் எல்லை தாண்டியதையும், நடந்து முடிந்த பிறகு செப்டம்பர் 22இல் பேரரசர் அதற்கு ஒப்புதல் தந்ததையும் விட்டுவிட்டது. 1932 ஜனவரியில் குவாண்டுங் படையைப் பாராட்டி அரசாணையே வந்தது. படை கட்டுமீறிப் போயிற்று என்பது உண்மை. மீறியவர்களுக்கு மேலிருந்து பாராட்டுப் பத்திரம் போனதும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் பதில் முழுமை பெறும்.

1936 பிப்ரவரி 26 கிளர்ச்சிக்கு நோட்ஸ் தருவது இரண்டு வரி. அரைப் பக்கம் தந்திருக்க வேண்டும். சுமார் 1,500 சிப்பாய்களோடு இளம் அதிகாரிகள் டோக்கியோவின் மையத்தைப் பிடித்தார்கள். நிதியமைச்சர் தகாஹாஷி கொரேகியோ, முன்னாள் பிரதமர் சைட்டோ மகோட்டோ கொல்லப்பட்டனர். பிரதமர் ஒகாடா என்று நினைத்து அவர் மைத்துனரைச் சுட்டுவிட்டதால் பிரதமரே இறந்துவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். உயர் தளபதிகள் கிளர்ச்சிக்காரர்களோடு பேசிப் பார்க்கலாமா என்று தடுமாறியபோது, அடக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் நானே காவல் படையோடு இறங்குகிறேன் என்று பிடிவாதமாக நின்றவர் ஹிரோஹிட்டோ. அவருடைய படைத் துணைவர் ஹோன்ஜோ ஷிகேருவின் நாட்குறிப்பில் இது இருக்கிறது. நான்கே நாளில் கிளர்ச்சி அடங்கியது. அமைச்சரவை என்ற ஒன்று செயலிழந்து போனால் 55ஆம் பிரிவு என்ற கடிவாளமும் இருக்காது; அப்போது பேரரசர் நேரே செயல்படுவார். 1945ஐப் புரிந்துகொள்ளும் சாவி இங்கேதான் இருக்கிறது.

1937 நவம்பரில் பேரரசுப் போர்த் தலைமையகம் அரண்மனையில் அமைக்கப்பட்டது. நோட்ஸில் பெயர் மட்டும் வருகிறது, எப்படி வேலை செய்தது என்று இல்லை. பெரிய படை நகர்வுகளுக்கான உத்தரவு பேரரசரின் ஒப்புதலோடு அவர் பெயரில் போகும். தளபதி அதைக் கடத்துபவர் மட்டுமே. அதன் கீழ் வரும் விவரக் குறிப்புகளைத் தளபதி தன் பொறுப்பில் அனுப்புவார். இந்த இரண்டடுக்கு முறை தெரிந்தால் 'பேரரசருக்கு எதுவும் தெரியாது' என்ற வரியை யாரும் எழுத மாட்டார்கள். 'ஒவ்வொரு கொடுமைக்கும் அவரே உத்தரவிட்டார்' என்றும் எழுத மாட்டார்கள்.

நம்மவர்களுக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போய்ப் பல்லாயிரக்கணக்கில் சாகடித்த சயாம் மரண ரயில், 1942 ஜூனில் இந்தத் தலைமையகத்தின் உத்தரவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட சுமார் 415 கிலோமீட்டர் பாதை. இம்பால் படையெடுப்புக்கு அனுமதி வந்ததும் அங்கிருந்துதான், 1944 ஜனவரி 7. இந்தியத் தேர்வுக்கு விற்கும் நோட்ஸில் இம்பால் இந்திய தேசிய ராணுவத் தலைப்பில் தனியாகக் கிடக்கிறது. ஜப்பான் அத்தியாயத்தோடு எந்த இணைப்பும் இல்லை. மரண ரயில் எங்கேயும் இல்லை.

இப்போது 1941. அத்தியாயத்தின் மிகப் பெரிய தவறு இங்கே. 'டோஜோ பிரதமரானதும் போர் முடிவு செய்யப்பட்டது' என்று ஒரே வாக்கியம். தேதிகளைப் பாருங்கள். டோஜோ பதவிக்கு வந்தது அக்டோபர் 18. அதற்கு முன்பே செப்டம்பர் 6இல், பிரதமர் கொனோயே இருக்கும்போதே, பேரரசர் முன்னிலைக் கூட்டம் நடந்து, அக்டோபர் கடைசிக்குள் போர் ஆயத்தத்தை முடிப்பது, அக்டோபர் தொடக்கம் வரை பேச்சுவார்த்தையில் வழி பிறக்காவிட்டால் போரில் இறங்கத் தீர்மானிப்பது என்று முடிவாகிவிட்டது.

அதற்கு முதல் நாள், செப்டம்பர் 5, நடந்ததை நோட்ஸ் விட்டது பெரிய இழப்பு. தீர்மான வரைவைப் பார்த்த ஹிரோஹிட்டோ, போர் ஆயத்தம் முதலாவதாகவும் பேச்சுவார்த்தை இரண்டாவதாகவும் இருக்கிறதே என்று கேட்டார். தெற்கே தென்கிழக்கு ஆசியப் பக்கம் நடத்தும் படையெடுப்பு மூன்று மாதத்தில் முடியும் என்றார் தரைப்படைத் தலைமைத் தளபதி சுகியாமா. சீனப் போர் ஒரு மாதத்தில் முடியும் என்று 1937இல் படை அமைச்சராக இருந்து சொன்னவரும் நீங்கள்தானே, நான்கு வருஷமாயிற்றே என்று பேரரசர் மடக்கினார். சீனாவின் உள்நாடு பரந்தது என்று சுகியாமா இழுக்க, பசிபிக் அதைவிடப் பரந்ததில்லையா என்று வந்தது மறுகேள்வி. கொனோயே எழுதிவைத்த குறிப்பில் இந்த உரையாடல் இருக்கிறது. மறுநாள் கூட்டத்தில், வழக்கமாக வாய் திறக்காத பேரரசர் தன் தாத்தா மெய்ஜி எழுதிய, அமைதியை நாடும் கவிதை ஒன்றை வாசித்தார். தீர்மானத்தைத் திருப்பி மட்டும் அனுப்பவில்லை.

அந்த முன்னிலைக் கூட்டம் அதிகாரம் நடக்கும் இடமாக இருந்ததில்லை. அங்கே எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்த சடங்கு. பேரரசர் சார்பில், அவருடைய ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலின் தலைவர் ஹாரா யோஷிமிச்சி கேள்வி கேட்பார். உண்மையான பேரம் நடந்தது அதற்கு முன்பு, முறையான தாள் வருவதற்குள் தளபதிகளும் அமைச்சர்களும் தனித்தனியே வந்து வாய்மொழியாகச் சொல்லும்போது. அங்கே அவர் குடைந்து குடைந்து கேட்பார். திருப்தி இல்லையென்றால் தாள் மாறி வரும். டோஜோவைப் பிரதமராக்கச் சொன்ன பேரரசரின் நெருங்கிய ஆலோசகரான அரச முத்திரைக் காப்பாளர் கிடோ கோயிச்சி, செப்டம்பர் 6 தீர்மானத்தை ஒதுக்கிவைத்து முதலிலிருந்து யோசியுங்கள் என்ற பேரரசரின் விருப்பத்தையும் சேர்த்தே டோஜோவிடம் சொன்னார். டோஜோ யோசித்தார், நவம்பர் 5 கூட்டத்தில் அதே போர் முடிவு புதிய கெடுவோடு திரும்ப வந்தது, டிசம்பர் 1 கூட்டம் இறுதி முத்திரை. ஆக, அவரிடம் தடுக்கும் கருவி இருந்தது, சில முறை எடுத்தும் பார்த்தார், கடைசியில் ஒருமனதான தாளுக்கு ஒப்புதல் தந்தார். பொம்மை என்றும் சர்வாதிகாரி என்றும் எழுதுபவர்கள் பார்க்காத இடம் இந்த முன்னறைதான்.

அமெரிக்கா, பிரிட்டன் மீதான டிசம்பர் 8 போர் அறிவிப்பைப் பற்றி நோட்ஸில் தேதி மட்டும். ஒரு வரி சேருங்கள்: 1894லும் 1904லும் வந்த போர் அறிவிப்புகளில் சர்வதேச சட்டத்தை மதிக்கச் சொல்லும் வாசகம் உண்டு, 1941இல் அது காணாமல் போனது. திருத்துபவர் கண்ணில் படும் வரி இது.

1945 பகுதியில் நோட்ஸ் நேரே ஹிரோஷிமாவுக்குத் தாவுகிறது. பிப்ரவரி 14 என்ற தேதியைக் கையால் எழுதிச் சேருங்கள். அன்று கொனோயே, தோல்வி நிச்சயம், போரை முடித்துவிடுங்கள் என்று நேரில் மனு கொடுத்தார். இன்னொரு முறை போர்க்களத்தில் ஒரு வெற்றி கிடைக்காமல் அது கடினம் என்பதே பேரரசரின் பதில். அதற்குப் பிறகுதான் மார்ச் 9-10 இரவு டோக்கியோ குண்டுவீச்சில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். ஒகினாவா அதற்கும் பிறகு. 'உயிர்களைக் காத்த பேரரசர்' என்று நோட்ஸ் போட்டிருக்கும் துணைத்தலைப்பை இந்தத் தேதியோடு சேர்த்து வைத்துப் படித்தால் என்ன ஆகிறது என்று நீங்களே பாருங்கள்.

ஆகஸ்ட் 9 நள்ளிரவையொட்டி அரண்மனைப் பதுங்கறையில் நடந்த கூட்டத்தை நோட்ஸ் ஓரளவு சரியாகவே சொல்கிறது. பெயர்கள் இல்லை, அதைச் சேர்க்க வேண்டும். அரியணையின் நிலை காக்கப்பட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு, ஜப்பானைச் சரணடையச் சொன்ன நேச நாடுகளின் போட்ஸ்டாம் அறிவிப்பை ஏற்கலாம் என்றவர்கள் வெளியுறவு அமைச்சர் டோகோ, கடற்படை அமைச்சர் யோனாய், பிரிவி கவுன்சில் தலைவர் ஹிரானுமா. நான்கு நிபந்தனை வேண்டும் என்றவர்கள் படை அமைச்சர் அனாமி, தளபதிகள் உமெசு, டொயோடா. மூன்றுக்கு மூன்று. பிரதமர் சுசுகி தன் வாக்கைப் போடாமல், முடிவைப் பேரரசரிடமே கேட்டார். 1936 போலவே அமைச்சரவை முடிவு செய்ய முடியாமல் நின்ற தருணம். அதனால்தான் பொம்மை பேசியது. ஆகஸ்ட் 14இல் இன்னொரு முறை அதே மாதிரி முடிவு சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் நண்பகல் ஒலிபரப்பானது இசைத்தட்டில் முன்கூட்டிப் பதிவு செய்த குரல். நோட்ஸ் ஆகஸ்ட் 15ஐ 'சரண் ஒப்பந்தம் கையெழுத்தான நாள்' என்கிறது, தவறு. மிசூரி கப்பலில் கையெழுத்தானது செப்டம்பர் 2.

ஜப்பானியத் தலைவர்களைப் போர்க் குற்றங்களுக்காக விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயப் பகுதியில் 'நீதிபதி ராதாபினோத் பால் பேரரசரை விடுவித்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. பேனாவால் அடித்துவிடுங்கள். பேரரசர் மேல் குற்றச்சாட்டே பதிவாகவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 28 பேர், தீர்ப்பு 25 பேருக்கு, தூக்கு 7 பேருக்கு. இந்திய நீதிபதியான பாலின் மறுப்புத் தீர்ப்பு, செயல் நடந்த பிறகு உருவாக்கிய சட்டத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்ற அடிப்படையில் அத்தனை பேரையும் விடுவிக்கச் சொன்னது. ஜப்பானியப் படைகள் கொடுமை செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. பேரரசரைக் கூண்டில் ஏற்றாததற்குக் காரணம் அமெரிக்க ஆட்சிக் கணக்கு: அவர் மேல் கைவைத்தால் நாட்டை அடக்கப் பத்து லட்சம் துருப்பு வேண்டியிருக்கும் என்று ஜப்பானில் ஆக்கிரமிப்புப் படைக்குத் தலைமை தாங்கிய அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் 1946 ஜனவரியில் வாஷிங்டனுக்கு எழுதினார். தீர்ப்பாயத் தலைவர் வெப், போருக்குப் பேரரசரின் அதிகாரம் தேவைப்பட்டது என்று தன் தனிக்கருத்தில் குறித்துவைத்தார்.

1946 மார்ச், ஏப்ரலில் ஹிரோஹிட்டோ தன் உதவியாளர்களிடம் சொல்லி எழுதவைத்த வாக்குமூலம் 1990இல்தான் வெளிவந்தது. நோட்ஸ் அதிலிருந்து ஒரு கருத்தை நேரடி உண்மையாக எடுத்துப் போட்டிருக்கிறது. தீர்ப்பாயம் தொடங்கியது 1946 மே 3. அதற்குச் சில வாரம் முன்பு, தன் தலை உருளுமா என்று தெரியாத நிலையில் ஒருவர் சொன்னது அது. ஆதாரமாக எடுக்கலாம், எந்த நிலையில் சொன்னது என்ற வரியையும் சேர்த்து எழுதினால்.

கட்டின் பின்னால் உள்ள மாதிரி விடையைப் பயன்படுத்தாதீர்கள். 15 மார்க் கேள்விக்கு 250 சொல்தான் இடம். மூன்று மணி நேரத்தில் 20 கேள்வி என்றால் இதற்கு 11 நிமிடத்துக்கு மேல் செலவழிக்க முடியாது. மாதிரி விடை முதல் 90 சொல்லை மெய்ஜி மீட்சியின் வரலாற்றுக்கே கரைத்துவிடுகிறது. அதற்குப் பதில் 11, 55 பிரிவுகளின் முரணை 40 சொல்லில் தொடங்குங்கள். 1931க்கும் 1936க்கும் சேர்த்து 60, 1941க்கு 70, 1945க்கு 50. மீதியில் வழக்கு தொடராததும், 1947 மே 3இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு அவரை நாட்டின் சின்னமாக மாற்றியதும் அடங்கிவிடும். தமிழில் எழுதுபவர்கள் ஜப்பானியப் பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்துக்கொண்டால் போதும், இரண்டு மாதிரி எழுதாதீர்கள்.

நோட்ஸை ஒட்டவைக்கக் காசில்லாத வழி உண்டு. ஜப்பான் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் இயங்கும் ஆசிய வரலாற்று ஆவண மையம், சுருக்கமாக ஜகார், 2001 முதல் இணையத்தில் இலவசம், பதிவும் வேண்டாம். ஆங்கிலத்தில் தேடலாம், தலைப்புகள் ஆங்கிலத்தில் வரும், ஆவணம் ஜப்பானிய மொழியில்தான். குறியீட்டின் முதல் எழுத்து ஏ என்றால் தேசியக் காப்பகம், பி வெளியுறவு, சி பாதுகாப்பு அமைச்சகத்தின் படைக் கோப்புகள். ஆவணத்தில் ஷோவா ஆண்டு, அதாவது ஹிரோஹிட்டோவின் ஆட்சி ஆண்டு, இருந்தால் 1925ஐக் கூட்டுங்கள். ஷோவா 16 என்றால் 1941. தேசியக் காப்பகத்தின் சொந்தத் தளத்தில் டிசம்பர் 8 போர் அறிவிப்பின் மூலத்தையே பார்க்கலாம்: பேரரசரின் கையெழுத்து, முத்திரை, தொடர்ந்து வரிசையாக அமைச்சர்களின் எதிர்க்கையெழுத்துகள். 13ஆம் பிரிவும் 55ஆம் பிரிவும் ஒரே தாளில்.

வாங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 'புதிய பதிப்பு' என்று 100 ரூபாய் கூட்டி விற்கும் கட்டில் ஜப்பான் அத்தியாயம் வரிக்கு வரி அதேதான், பக்க எண் மட்டும் மாறியிருக்கிறது. பழையதையே கேளுங்கள், இரண்டாம் பாகத்தைத் தனியாகவும் தருவார்கள்.